பிரதமரைச் சாய்த்த பித்தக் குழாய்!

காயம் ஆறிய பிறகும் ஆபத்து வரும். கண் மஞ்சளானால் பழைய அடியை மறக்காதீர்கள்

1956-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி சிகிச்சை பெற்று வந்தார். அவர் பெயர் கிளாரிஸா. இங்கிலாந்து பிரதம மந்திரி சர் அந்தோணி ஈடனின் மனைவி.

மனைவியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஈடன் அங்கே வந்தார். வந்த இடத்தில் அவருடைய உடம்பு கிடுகிடு என்று நடுங்கத் தொடங்கியது. ஜுரம் வைத்துப் பார்த்தார்கள். 106 டிகிரி!

நோயாளியைப் பார்க்க வந்தவர் அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்தார்.

அப்போது உலகமே ஈடனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எகிப்து நாட்டின் தலைவர் நாசர், அந்த ஆண்டு ஜூலை 26-ந் தேதி சூயஸ் கால்வாயைத் தேச உடைமை ஆக்கிவிட்டார். கால்வாயை மீட்கப் படை அனுப்புவதா, பேசித் தீர்ப்பதா என்று இங்கிலாந்து தத்தளித்துக்கொண்டிருந்த நேரம். முடிவு செய்ய வேண்டியவர் ஜுரத்தில் கிடந்தார்.

அவருக்கு வந்தது மலேரியா அல்ல. டைபாய்டும் அல்ல. அவருடைய வயிற்றுக்குள் ஒரு குழாய் இருந்தது. பென்சிலை விட மெல்லிய குழாய். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு காயம் பட்டிருந்தது. அந்தக் காயத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை!

கசப்பு நீர் எதற்கு?

எல்லாருடைய வயிற்றிலும் வலது பக்கம், விலா எலும்புக்கு உள்ளே, கல்லீரல் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் எடை சுமார் ஒன்றரை கிலோ. இந்த ஈரல் இரவும் பகலும் ஓயாமல் ஒரு கசப்பு நீரை ஊற வைக்கிறது. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். இதுதான் பித்த நீர். ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஊறும்.

“பித்தம்” என்றால் தலை சுற்றலும் வாந்தியும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பித்த நீர் இல்லாவிட்டால் ஒரு கரண்டி நெய் கூட ஜீரணம் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பாத்திரத்தைத் தண்ணீர் மட்டும் விட்டுக் கழுவினால் போகுமா? சோப்பு வேண்டும் அல்லவா? குடலுக்குள் அந்த சோப்பின் வேலையைச் செய்வது பித்த நீர். கொழுப்பைத் துளித் துளியாக உடைத்துக் கரைக்கிறது.

இன்னொரு வேலையும் உண்டு. நம் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்த அணுக்கள் சிதைகின்றன. அவற்றிலிருந்து ஒரு மஞ்சள் சாயம் மிஞ்சுகிறது. அதற்கு பிலிருபின் என்று பெயர். இந்தக் கழிவுச் சாயத்தை ஈரல் பிடித்துப் பித்த நீரில் கலந்து குடலுக்குத் தள்ளிவிடுகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பதே இந்தச் சாயம்தான்.

ஈரலில் ஊறும் நீர் குடலுக்கு வந்து சேர ஒரு வாய்க்கால் வேண்டும். அதுதான் பித்தக் குழாய். ஈரலின் வலப் பாதியில் இருந்து ஒரு கிளை, இடப் பாதியில் இருந்து ஒரு கிளை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கீழே இறங்கும். வழியில் பித்தப்பை ஒரு சிறு காம்பினால் அதில் இணைந்திருக்கும். பித்தப்பை என்பது வாய்க்கால் ஓரத்துக் குட்டை மாதிரி. உபரி நீரைச் சேர்த்து வைக்கும். சாப்பாடு வந்ததும் பிழிந்து அனுப்பும். பிறகு குழாய், கணையத்தின் தலைப் பகுதிக்குள் புகுந்து, சிறுகுடலின் முதல் பகுதியில் போய்த் திறக்கும்.

குழாயின் அடிப் பகுதி ஏழு, எட்டு சென்டிமீட்டர் நீளம். உள்ளே அகலம் சாதாரணமாக ஆறு மில்லிமீட்டருக்குள்தான். இவ்வளவு சிறிய வாய்க்கால் ஒன்றுதான் உண்டு. மாற்று வழி கிடையாது. பித்தப்பையை எடுத்துவிட்டாலும் மனிதன் வாழலாம். லட்சக்கணக்கான பேர் வாழ்கிறார்கள். குழாய் அடைபட்டால் வாழ முடியாது.

லண்டனில் ஓர் ஆபரேஷன்

இப்போது ஈடனின் கதைக்குத் திரும்புவோம்.

1953-ம் ஆண்டு. சர்ச்சில் பிரதம மந்திரி. ஈடன் வெளிநாட்டு மந்திரி. சர்ச்சிலுக்கு வயது 78. அவருக்குப் பிறகு ஈடன்தான் பிரதமர் என்பது ஊரறிந்த விஷயம். ஈடனுக்கு அப்போது வயது 55. நல்ல உயரம், எடுப்பான மீசை, உடுப்பில் நேர்த்தி. ஆனால் வயிறு மட்டும் அவருக்கு விரோதி. அடிக்கடி வலி வரும். ஒரு முறை மஞ்சள் காமாலையும் வந்தது. பித்தப்பையில் கற்கள் இருப்பதாக டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆபரேஷன் செய்யச் சில நிபுணர்களின் பெயர்களைச் சொன்னார்கள். ஈடன், முன்பு தமக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்த டாக்டரையே தேர்ந்தெடுத்தார். பழகிய கை என்ற நம்பிக்கை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

ஏப்ரல் 12-ந் தேதி லண்டனில் ஆபரேஷன் நடந்தது. இதில் சர்ச்சிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்கிறார்கள். “நோயாளி யார் தெரியுமா? எவ்வளவு முக்கியமானவர் தெரியுமா?” என்ற பாணியில் அவர் டாக்டருக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டினாராம். டாக்டருக்குப் பதற்றம் வந்துவிட்டதாம். சொந்தக்காரர் ஆபரேஷனுக்குப் போகும்போது டாக்டரைப் பிடித்துப் பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போலும்!

பித்தப்பை வெளியே வந்தது. ஆனால் கூடவே பித்தக் குழாயும் காயப்பட்டுவிட்டது.

ஈடனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. பித்த நீர் கசிந்தது. ஏப்ரல் 29-ந் தேதி இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் குழாய் சரியாகவில்லை.

நல்ல வேளையாக அமெரிக்க நிபுணர் ஒருவர் அப்போது லண்டனுக்கு வந்திருந்தார். பாஸ்டன் நகரில் உள்ள லாஹி கிளினிக்கின் டாக்டர் ரிச்சர்டு காட்டெல். அறுந்த பித்தக் குழாய்களைச் சரி செய்வதில் கைதேர்ந்தவர். அவர் வந்து பார்த்தார். “பாஸ்டனுக்கு வரட்டும், செய்கிறேன்” என்றார்.

சர்ச்சிலுக்கு இது பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் மந்திரிக்கு பிரிட்டனில்தானே ஆபரேஷன் நடக்க வேண்டும்? காட்டெல் அசையவில்லை. தமக்குப் பழகிய ஆட்களும் கருவிகளும் இருக்கும் இடத்தில்தான் கத்தி எடுப்பேன் என்பது அவர் கட்சி. கடைசியில் அவர் கட்சியே ஜெயித்தது. ஜூன் 10-ந் தேதி பாஸ்டனில் மூன்றாவது ஆபரேஷன் நடந்தது. கெட்டுப்போன குழாயை விட்டுவிட்டு, மேலே மிஞ்சியிருந்த நல்ல பகுதியில் சிறுகுடலைக் கொண்டுவந்து தைத்தார்கள். புது வாய்க்கால் வெட்டிய மாதிரி. தைத்த இடம் மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் குழாயும் வைத்தார்கள்.

ஈடன் பாஸ்டனில் படுத்திருந்தபோது, ஜூன் 23-ந் தேதி, லண்டனில் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. ஈடன் ஊரில் இருந்திருந்தால் அப்போதே பிரதமராகி இருப்பார் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். சர்ச்சில் தேறிவிட்டார். பதவியை விடவில்லை. ஈடன் பிரதமராக 1955 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு சிறு குழாய் செய்த வேலை!

ஆறுவதே ஆபத்து

இனி ஒரு கேள்வி. காட்டெல் நன்றாகத்தானே தைத்தார்? ஈடனும் வேலைக்குத் திரும்பி, உலகம் சுற்றினார். அப்படி இருக்க, மூன்று ஆண்டு கழித்து ஏன் 106 டிகிரி ஜுரம்?

இங்கேதான் இந்த நோயின் சூட்சுமம் இருக்கிறது.

கையில் தீக்காயம் பட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். காயம் ஆறும். ஆனால் ஆறிய தோல் சுருங்கும். விரலை இழுத்து மடக்கிவிடும். காயம் பட்ட அன்று நீட்ட முடிந்த விரலை, ஆறு மாதம் கழித்து நீட்ட முடியாது. தழும்பின் குணம் அது. சுருங்கிக்கொண்டே போகும்.

இதே தழும்பு ஆறு மில்லிமீட்டர் குழாய்க்குள் விழுந்தால்? சுற்றிலும் சுருங்கி, குழாயின் வாயை நெரிக்கும். ஆறு மில்லிமீட்டர் நான்காகும். நான்கு இரண்டாகும். பிறகு ஊசி நுழையும் அளவுதான். இது ஒரு நாளில் நடப்பது அல்ல. சில வாரம் ஆகலாம். பல மாதம் ஆகலாம். சிலருக்கு வருடங்களும் ஆகின்றன. அதற்குள் காயம் பட்டதையே மறந்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பித்தக் குழாய்க்கு ரத்தம் கொண்டு வருபவை, அதன் இரு பக்கமும் ஓடும் நூல் போன்ற ரத்த நாளங்கள். குழாய் அறுபடாமல், இந்த நூல்கள் மட்டும் நசுங்கினாலும் போதும். ரத்தம் கிடைக்காத குழாய்ச் சுவர் மெல்ல மெல்ல வாடும். வாடிய இடத்தில் தழும்பு கட்டும். முடிவு ஒன்றுதான்.

சைக்கிள் கைப்பிடி

ஈடனுக்குக் காயம் உண்டாக்கியது ஆபரேஷன் கத்தி. பித்தக் குழாய் தழும்பினால் நெரிபடுவதற்கு இன்றும் முதல் காரணம் அதுதான். இப்போது வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கிறார்கள். நல்ல முறை. ஆனாலும் ஆயிரம் ஆபரேஷன்களில் ஒரு சிலவற்றில் குழாய் காயப்படத்தான் செய்கிறது.

கத்தி படாமலேயும் இந்தக் காயம் வரலாம். மிக அபூர்வம். ஆனால் வருகிறது.

சைக்கிள் விடும் பையன் தடுமாறி விழுகிறான். கைப்பிடியின் முனை அவன் மேல் வயிற்றில் குத்துகிறது. வெளியே ரத்தம் இல்லை. வட்டமாக ஒரு சிவப்பு அடையாளம் மட்டும். கொஞ்சம் அழுகிறான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுகிறான். கார் ஓட்டுகிறவர் எதிரே வந்த லாரியில் மோதுகிறார். ஸ்டியரிங் சக்கரம் நெஞ்சுக்குக் கீழே அழுத்துகிறது. மாடு முட்டினாலும், உதைத்தாலும், மரத்திலிருந்து விழுந்து கிளையில் மோதினாலும் அடி அதே இடத்தில்தான்.

அடிக்கும் பொருள் முன்னால். முதுகெலும்பு பின்னால். நடுவில் அகப்பட்ட குழாய், அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்ட மாதிரி நசுங்குகிறது. மேலும், குழாயின் அடிப் பகுதி கணையத்துக்குள் நன்றாகப் பதிந்து அசையாமல் இருக்கிறது. மேலே இருக்கும் ஈரலோ கனமானது, அதிர்ச்சியில் குலுங்கும். ஒரு முனை கட்டப்பட்ட கயிற்றை மறு முனையில் வெடுக்கென்று இழுத்தால் எங்கே அறும்? கட்டின் ஓரத்தில். பித்தக் குழாயும், கணையத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலேதான் பெரும்பாலும் காயப்படுகிறது. சில சமயம் ஈரலிலிருந்து கிளைகள் வெளியே வரும் இடத்திலும் காயப்படும்.

குழாய் முழுவதும் அறுந்துவிட்டால் பித்த நீர் வயிற்றுக்குள் கொட்டும். வயிறு உப்பும். சில நாளில் தெரிந்துவிடும். ஆபத்து பெரிது, ஆனால் மறைந்து கிடக்காது. பாதி நசுங்கிய குழாய்தான் ஏமாற்றுகிறது. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு டாக்டர்கள் முதலில் பார்ப்பது ரத்தப் போக்கு. ஈரல் கிழிந்ததா, மண்ணீரல் கிழிந்ததா, குடல் ஓட்டையா என்று தேடுவார்கள். அதுதான் சரியான முறை. முதல் நாள் ஸ்கேன் படத்தில் குழாயின் காயம் தெரியாமல் போகலாம். நோயாளி பிழைத்து, நடந்து, வீட்டுக்குப் போகிறார். எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். உள்ளே தழும்பு தன் வேலையை ஆரம்பிக்கிறது.

உடம்பு சொல்லும் சேதி

குழாய் குறுகக் குறுக, பித்த நீர் மேலே தேங்கும். போக வழியில்லாத மஞ்சள் சாயம் ரத்தத்தில் ஏறும். சிறுநீர் கடும் டீ நிறத்தில் போகும். வெள்ளை வேட்டியில் கறை படும். மலம் நிறம் இழந்து, வெளுத்த களிமண் மாதிரி போகும். பிறகு கண்ணின் வெள்ளை மஞ்சளாகும்.

சிலருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அரிப்பு வரும். சாதாரண அரிப்பு அல்ல. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரிக்கும். ராத்திரியில் அதிகமாகும். சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகும். சொறி, சிரங்கு என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே மாதங்களைக் கழித்தவர்கள் உண்டு.

தேங்கிய குட்டையில் பாசி பிடிக்காமல் இருக்குமா? தேங்கிய பித்த நீரில் கிருமிகள் பெருகும். அவை ரத்தத்தில் பாய்ந்தால் குளிர் நடுக்கத்தோடு ஜுரம் அடிக்கும். வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். நடுக்க ஜுரம், வலி, மஞ்சள் கண் மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாய் அடைபட்டுச் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். பிரான்சு நாட்டு டாக்டர் ஷார்கோ இதை 1877-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். இன்றும் உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த மூன்றையும் படிக்கிறார்கள். இது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரே இரவில் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

ஈடனுக்கு லண்டன் ஆஸ்பத்திரியில் வந்தது இந்த ஜுரம்தான்.

கீழாநெல்லி கேட்குமா?

காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்குவது நம் வீடுகளில் வழக்கம். பலருக்குக் குணமாகிறதே என்று கேட்பார்கள். கிருமியால் ஈரல் வீங்கி வரும் காமாலை, பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். பத்தியம் இருந்தாலும் இறங்கும், இல்லாவிட்டாலும் இறங்கும். பெயர் மட்டும் மருந்துக்கு!

அடைப்பினால் வரும் காமாலை அந்த ரகம் அல்ல. மதகில் கல் விழுந்து அடைத்திருக்கும்போது, வாய்க்காலுக்குப் பூசை போட்டால் தண்ணீர் ஓடுமா? கல்லை எடுக்க வேண்டும். நாள் கடந்தால் தேங்கிய பித்தம் ஈரலையே கெடுத்துக் கல்லாக இறுக்கிவிடும்.

வேறொரு கஷ்டமும் உண்டு. பித்த நீர் குடலுக்கு வராவிட்டால் ‘கே’ வைட்டமின் உடம்பில் சேராது. அது இல்லாவிட்டால் ரத்தம் உறையாது. முன் காலத்தில் அடைப்புக் காமாலைக்காரர்களுக்கு ஆபரேஷன் செய்தால், ஆபரேஷன் சரியாக நடந்தும் ரத்தம் நிற்காமல் போய்ச் செத்தவர்கள் பலர். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹென்ரிக் டாம் இந்த வைட்டமினைக் கண்டுபிடித்தார். 1943-ம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இப்போது ஓர் ஊசியில் அந்தக் கண்டம் தீர்ந்துவிடுகிறது.

டாக்டரிடம் போகிறவர்கள் முக்கியமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய விபத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். “போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்தேன்”, “எட்டு மாதத்துக்கு முன் பித்தப்பை ஆபரேஷன் ஆயிற்று” என்ற ஒரு வார்த்தை போதும். அது தெரியாவிட்டால் வேறு திசையில் சந்தேகம் போகும். படத்தில் பித்தக் குழாய் குறுகித் தெரிந்தால் புற்று நோயோ என்றுதான் முதலில் பயப்படுவார்கள். தழும்பும் புற்றும் படத்தில் ஒரே மாதிரி தோன்றக் கூடும்.

வயிற்றைக் கிழிக்காமல்

ரத்தத்தைச் சோதித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கண் மஞ்சள் ஆவதற்கு முன்பே, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற பொருளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். பிறகு அல்ட்ரா சவுண்டு ஸ்கேன். வலி இல்லை, ஊசி இல்லை. குழாய் எங்கே வீங்கியிருக்கிறது என்று காட்டும். காந்த ஸ்கேன் எடுத்தால் ஈரலின் கிளைகள் முழுவதும், இலை உதிர்ந்த மரம் போலப் படத்தில் விழும். நெரிபட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

1953-ல் ஈடனுக்கு ஆபரேஷன் நடந்தபோது இந்த ஸ்கேன்கள் இல்லை. பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

1968-ம் ஆண்டில் ஒரு புது வழி பிறந்தது. அமெரிக்காவில் மக்யூன் என்ற டாக்டரும் அவர் தோழர்களும், வளையும் குழாய்க் கருவி ஒன்றை நோயாளியின் வாய் வழியாகச் செலுத்தினார்கள். இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலில் பித்தக் குழாய் திறக்கும் சிறு வாயைத் தேடிப் பிடித்தார்கள். கொண்டைக் கடலை அளவு கூட இல்லாத மேட்டில் அந்த வாய் இருக்கிறது. அதற்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கத்தியே படவில்லை!

அடுத்த படியாக, 1979-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டாக்டர் ஸோஹெந்திரா அதே வழியில் ஒரு பிளாஸ்டிக் குழலைப் பித்தக் குழாய்க்குள் வைத்துக் காட்டினார். இன்று பெரிய நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இது வாடிக்கையான சிகிச்சை. முதலில் சிறு பலூனை உள்ளே ஊதி, நெரிபட்ட இடத்தை விரிப்பார்கள். பிறகு குழலை வைப்பார்கள். சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழலை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழுக்குச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இப்படி ஒரு வருடம் போல வைத்திருந்தால், குழாய் விரிந்தபடியே நின்றுவிடுவது உண்டு. இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சிலருக்குக் கணையம் வீங்கி வலி வரும். மாற்ற வேண்டிய நாளில் வராமல் “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள், நடுக்க ஜுரத்தோடு திரும்பி வருகிறார்கள்.

குழல் கேட்காவிட்டால் ஆபரேஷன்தான். சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து, பித்தக் குழாயின் நல்ல பாகத்தில் தைப்பார்கள். குடலை இப்படி வெட்டி இணைக்கும் முறைக்கு ஸ்விட்சர்லாந்து நாட்டு டாக்டர் சீசர் ரூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆன முறை. இன்றும் இதை வெல்ல வேறு முறை வரவில்லை. ஆனால் இது எல்லாரும் செய்யும் ஆபரேஷன் அல்ல. பழகிய கை வேண்டும். முதல் முறை சரியாக அமைந்தால் பெரும்பாலோர் பல ஆண்டு சுகமாக இருப்பார்கள். முதல் முறை தவறினால் அடுத்த முறை தைக்க நல்ல குழாய் குறைவாகவே மிஞ்சும். பாஸ்டனுக்குத்தான் வர வேண்டும் என்று காட்டெல் பிடிவாதம் பிடித்தது வீம்பு அல்ல.

யுத்தமும் ஜுரமும்

1956 அக்டோபரில் ஈடன் மூன்று நாளில் ஆஸ்பத்திரியை விட்டு எழுந்துவிட்டார். அந்த மாதம் 14-ந் தேதி பிரெஞ்சுத் தூதர்கள் ரகசியமாக வந்து ஒரு திட்டம் சொன்னார்கள். இஸ்ரேல் முதலில் எகிப்தைத் தாக்குவது. சண்டையை விலக்குவது போல இங்கிலாந்தும் பிரான்சும் புகுந்து கால்வாயைப் பிடிப்பது. ஈடன் சம்மதித்தார். அக்டோபர் 29-ந் தேதி இஸ்ரேல் தாக்கியது. நவம்பர் 5-ந் தேதி பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இறங்கின. இந்தியா கண்டித்தது. ரஷ்யா மிரட்டியது. அமெரிக்காவே கைவிட்டது. மறு நாளே சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் கௌரவம் போயிற்று.

அந்த நாட்களில் ஈடன் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, சோர்வு நீங்க ஒரு மாத்திரை என்று விழுங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் படிப்புப் படித்தவரும், பிறகு அதே வெளிநாட்டு மந்திரி பதவியில் இருந்தவருமான டேவிட் ஓவன் இதை ஆராய்ந்து 2005-ம் ஆண்டில் எழுதினார். நோயும் மருந்தும் ஈடனின் முடிவுகளைப் பாதித்தன என்பது அவர் கருத்து. ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஈடனுக்கு நாசரின் மீது இருந்த கோபம் ஜுரத்தினால் வந்தது அல்ல. ஒரு யுத்தத்தின் பழி முழுவதையும் ஆறு மில்லிமீட்டர் குழாயின் மேல் போடுவது நியாயம் ஆகாது. ஆனால் தூக்கமும் பலமும் இல்லாத ஒரு மனிதர் அந்த முடிவுகளை எடுத்தார் என்பதை மறைக்கவும் முடியாது.

நவம்பர் 23-ந் தேதி ஓய்வுக்காக ஜமைக்கா தீவுக்கு விமானம் ஏறினார். அங்கே அவர் தங்கியது, ஜேம்ஸ் பாண்டு கதைகளை எழுதிய இயான் பிளெமிங்கின் வீட்டில். டிசம்பரில் திரும்பினார். ஜுரம் மறுபடியும் வந்தது. பதவியில் நீடித்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். 1957 ஜனவரி 9-ந் தேதி ராஜினாமா செய்தார். பிரதமர் பதவிக்காகப் பதினைந்து ஆண்டு காத்திருந்தவர், இரண்டு ஆண்டு கூட முழுதாக ஆளவில்லை.

அந்த ஏப்ரலில் மறுபடியும் பாஸ்டன். மறுபடியும் காட்டெல். சுருங்கிப் போன தையலை விரித்துத் திரும்பத் தைத்தார். இந்தத் தடவை நீண்ட நாள் தாங்கியது. ஈடன் புத்தகங்கள் எழுதினார். 1961-ல் ஏவன் பிரபு ஆனார். காட்டெல் 1964-ல் காலமானார். 1970-ல் ஈடனுக்குப் பழைய நடுக்க ஜுரம் திரும்ப வந்தபோது, காட்டெலுடன் வேலை பார்த்த டாக்டர் ஜான் பிராஷ் ஆபரேஷன் செய்தார். அது ஐந்தாவது ஆபரேஷன்.

அதன் பிறகு பித்தக் குழாய் அவரைத் தொல்லை செய்து சாய்க்கவில்லை. 1976 டிசம்பரில் அவர் அமெரிக்காவில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது நிலைமை மோசமானது. இங்கிலாந்து விமானப் படையின் விமானம் அவரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1977 ஜனவரி 14-ந் தேதி, தமது 79-வது வயதில் ஈடன் காலமானார். அவர் உயிரைப் பறித்தது வேறு நோய், புற்று நோய். காட்டெலும் பிராஷும் வெட்டிக் கொடுத்த வாய்க்கால் கடைசி வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.